டாங்கிக்குள் கிடந்த சாரத்துண்டு

நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட சாரத்துண்டு அது, இடுப்பில் கட்டும் சாரத்திலிருந்து கிழித்தது. பெற்றோல் டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தபோது நனைந்து சுருண்டு என் காலடியில் விழுந்தது. யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கிழித்த மிச்சம் எங்கள் முதலாளியின் தோளில்தான் கிடந்தது. அவர் இப்போது காலமாகிவிட்டார். செத்தவரைக் குறை சொல்லாதே என்கிறார்கள் வீட்டில். எனக்கு அந்தப் பெருந்தன்மை இன்னும் வரவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய கராஜில் நான் என்ஜின் வேலை செய்தேன். லண்டனிலிருந்து வந்த ஒருவர், தகப்பன் விட்டுப்போன எட்டுச் சிலிண்டர் அமெரிக்கக் காரைப் பழையபடி ஓடவைத்துத் தரும்படி எங்களிடம் விட்டார். நீண்ட மூக்கு, காலை அழுத்தினால் பாய்கிற சாதி. டாங்கித் துருவை முதலாளி தானே கழுவினார். என்ஜினை நான் பிரித்துப் பூட்டினேன். வயர்களைக் கிண்ணியாவிலிருந்து வந்த, நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் முழுக்கப் புதிதாக இழுத்தார். ஓர் இணைப்புப் பிசகினாலும் தன்னைத்தானே ஏசிக்கொண்டு எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி தொடங்குகிற மனிதர் அவர்.

கராஜுக்குள் கார் அருமையாக உறுமியது. நிலாவெளிப் பக்கம் கொண்டுபோனால் உப்புவெளி தாண்டியதும் இழுவை குறைந்து நின்றுவிடும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திறப்பைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். கரண்ட் போனால் வண்டி பட்டென்று நிற்கும். இது மூச்சு முட்டி நின்றது. பெற்றோல் வரவில்லை என்று எனக்குப் பட்டது.

“டாங்கியைக் கழட்டிப் பாப்பம்” என்றேன்.

“டாங்கி நான் கழுவினது. அதில கை வைக்கத் தேவையில்லை. இது வயரிங் பிழை” என்றார் முதலாளி.

அவர் கை பட்ட இடமெல்லாம் மூலஸ்தானம். நாங்கள் எட்டி நின்று கும்பிட வேண்டும். பிழை தேடுகிறவன் முதலில் தன் கையைத்தான் பார்க்க வேண்டும் என்ற சின்ன விசயம் அந்தப் பெரிய மண்டைக்குள் ஏறவே இல்லை.

நானா பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் கொயிலை மாற்றினார். வயர் வயராகச் சோதித்தார். அடுத்த ஓட்டத்திலும் கார் அதே இடத்தில் நின்றது. அன்று காரின் சொந்தக்காரரும் கூட வந்திருந்தார். பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டிப் பார்க்க, முதலாளி நடுரோட்டில் நின்று கத்தினார்: “வேலை தெரியாதெண்டா ஏன் வந்தனீர்? ஆக்களைக் கொல்லப் பாக்கிறீரோ?” நானாவின் முகம் இருண்டது. “என்ட வயர்ல பிழையில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாமான் பெட்டியோடு பஸ் ஏறினார்.

மறுநாள் யாரையும் கேட்காமல் டாங்கியைக் கழற்றினேன். முதலாளி உள்ளே துடைத்தபோது மறந்துபோய் விட்டுவிட்ட அந்தச் சாரத்துண்டு விழுந்தது. என்ஜின் இழுக்கும்போது அது குழாய் வாயில் போய் ஒட்டும், நின்றதும் விலகும். முதலாளி பார்த்தார். காலால் அதைக் குப்பைப் பக்கம் தள்ளினார்.

“சரி, கண்டுபிடிச்சாச்சுதானே. இதை ஊருக்குச் சொல்லித் திரியாதீர்.”

“நானாவைக் கூப்பிட்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

“அவருக்கு வேற வேலை கிடைக்கும்.”

எனக்குத் தலை கொதித்தது. அன்றே என் ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியேறினேன். சொந்தக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். “கார் இப்ப ஓடுதுதானே” என்று சிரித்தார். கிண்ணியாவுக்குப் போய் நானாவிடமும் சொன்னேன். அவர் சந்தோசப்படவில்லை.

“பிழை என்னில இல்லையெண்டு எனக்குத் தெரியும் தம்பி. எனக்குச் சொல்லி என்ன? அவர் ஏசினது நடுரோட்டிலயெல்லோ.”

இப்போது இறக்கக்கண்டியில் படகு என்ஜின்கள் திருத்துகிறேன். போன கிழமை ஒரு படகுக்காரர் லைட்டுக்கு வயர் இழுக்க ஆள் கேட்டார். நானாவைச் சொன்னேன்.

“ஐயோ, அவர் வேண்டாம். அவற்ற வேலை நடுவழியில நிப்பாட்டிப்போடும்.”

அவர் செய்த எந்த வேலையை நீங்கள் பார்த்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

“நான் ஒண்டும் பாக்கேல்ல” என்றார் அவர். “ஊரில அப்பிடித்தான் கதை.”