பொம்மைப் படத்துப் பாட்டு

நேற்று என் மகளின் செல்போனிலிருந்து ஒரு ஜப்பான்காரியின் குரல் எழுந்தது. பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது. எனக்கும் பகீரென்றது. எங்கள் தச்சநல்லூர் வீட்டில் ஒரு கல்யாணத்தையே நிறுத்திய குரல் அது.

எங்கள் வீட்டில் சந்தேகத்துக்குப் பஞ்சமே கிடையாது. அப்பா, பால்காரர் முன்னாலேயே பாலை விரலால் தொட்டுப் பார்ப்பார். தொண்ணூறுகளில் அக்காவுக்கு நிச்சயமானவர் சாத்தான்குளத்துக்காரர், கப்பலில் மெக்கானிக். ஜப்பானிலிருந்து அவளுக்கென்று ஒரு பாட்டுக் கேசட் கொண்டுவந்தார். உறையில் ஒரு பெண் சிரித்தாள். திறந்தால் புது பிளாஸ்டிக் வாசனை. அம்மாவுக்கு மட்டும் அது செண்ட் வாசனை.

போட்டோம். மெல்ல ஆரம்பித்த குரல், முரசும் எக்காளமும் சேர, ஊரே தீப்பற்றி எரிவதுபோல் கதறியது. அப்பா டேப்பை நிறுத்தினார்.

"யாரு மாப்பிள்ளை இந்தப் பொண்ணு?"

"பாடகி, மாமா. பிள்ளைக பாக்குத பொம்மைப் படத்துக்குப் பாடுதாங்க."

"பொம்மைப் படத்துக்கா இப்படிக் கதறுதா?"

"அங்கன அப்படித்தான் மாமா."

அவர் போனதும் அப்பா பூதக்கண்ணாடி வைத்து உறையைத் துருவினார். ஒரு எழுத்தும் தெரியாது; ஆனாலும் ஏதோ பிடிபட்டதுபோல் தலையாட்டினார். நானும் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினேன்.

"ஒரு பாட்டுக்கே இப்படிப் புளுகுதான். இவளுக்கும் இவனுக்கும் என்னவோ இருக்கு" என்றார்.

"பாட்டு நல்லாத்தானப்பா இருக்கு" என்றாள் அக்கா. அவளையும் ஒரு மாதிரி பார்த்தோம்.

நிச்சயம் முறிந்தது. அவர் கொடுத்த சேலை, வாட்ச், கேசட் எல்லாவற்றையும் அக்காவே பொட்டலம் கட்டினாள். நான் பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு வந்த வரன்களிலெல்லாம் அக்காவே ஏதாவது குறை கண்டுபிடித்துத் தட்டிக்கழித்தாள். அப்பாவின் மகளல்லவா என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். கடைசிவரை அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

நேற்று செல்போனை எட்டிப் பார்த்தேன். பெரிய பெரிய கண்களோடு ஒரு பையன் வானத்தில் பறந்துகொண்டிருந்தான். பொம்மைப் படமேதான். மனுஷன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அதற்குள் அக்கா பாட ஆரம்பித்திருந்தாள், ஒரு வார்த்தை பிசகாமல்.

"கேசட்டத்தான் திருப்பிக் கொடுத்துட்டோமேக்கா?"

"நீ கொண்டுபோனது வெறுங்கூடுலே. உள்ள இருந்தத நான் எடுத்து வச்சுக்கிட்டேன். கேட்டுக் கேட்டு நாடா அறுந்தே போச்சு."

பிறகு என் மகளிடம், "இன்னொருக்க போடுட்டி" என்றாள்.

அப்பா இல்லை, டேப்ரிக்கார்டர் இல்லை, தச்சநல்லூர் வீடும் கைமாறிவிட்டது. அந்த வீட்டில் இருந்த நாட்களில், நாங்கள் நெல்லையப்பர் கோயிலுக்குப் புறப்படும்போதெல்லாம் அக்கா தலைவலி என்று தனியாக வீட்டில் இருந்துகொள்வாள். அந்தத் தலைவலியை மட்டும் எங்களில் யாருமே சந்தேகப்படவில்லை.