சாவி அக்கா படம் போட்ட கதை

என் ஜெராக்ஸ் கடைக்கும் சாவி அக்கா கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் சாவி வெட்ட அரம் தேய்த்தால் இந்தப் பக்கம் எனக்குப் பல் கூசும். பதினோரு வருடமாகக் கூசிக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் அக்காவை யாராவது குறை சொன்னால் சும்மா விட மாட்டேன்.

அக்கா கடைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்ததே நான்தான். அக்கா முதலில் தன் படத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூவைப் போட்டார். பெயர் வேறு 'பனித்துளி'.

"யாராவது பூகிட்டப் போய் வீட்டுச் சாவியக் குடுப்பாங்களாக்கா?" என்று கேட்டேன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தன் படத்தையே போட்டார்: நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, கன்னத்தில் பித்தளைத் தூள், வாய் கொள்ளாத சிரிப்பு. வேலை குவிந்தது. ஆனால் வீட்டு முகவரி, குடும்பப் படம் எதையும் போட மாட்டார். "என் மூஞ்சிக்கு அங்க வேலை இருக்கு. என் பொண்ணு மூஞ்சிக்கு என்ன வேலை?" என்பார். உஷாரான ஆள் என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

அவ்வளவு உஷாரான ஆள்தான் சறுக்கினார். அடுத்த தெருப் பாட்டு டீச்சர் வீட்டுக் கதவில் பழைய காலத்துப் பூட்டு. அதற்கு மாற்றுச் சாவி செய்ய ஒரு நாள் முழுக்கப் போயிற்று. செய்து முடித்த பெருமையில் சாவியை வெள்ளைத் தாளில் வைத்து, ஒவ்வொரு வெட்டும் துல்லியமாகத் தெரியும்படி படம் பிடித்து, "பாட்டு டீச்சர் வீட்டுச் சாவி. பெண்டு நிமிந்துடுச்சு!" என்று எழுதிப் போட்டுவிட்டார். முந்நூறு பேர் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். என் மச்சானுக்கு அனுப்பக்கூட அந்தப் படத்தைப் போனில் சேமித்து வைத்தேன்.

மறுநாள் காலை வெளியூர்ச் சாவிக்காரர் ஒருவர் படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "அக்கா, இந்தப் படம் போதும், நானே சாவி வெட்டிடுவேன். உடனே எடுத்துடுங்க."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. படத்தை உடனே நீக்கினார். பிறகு என் போனைப் பிடுங்கி, அதிலிருந்த படத்தை மட்டும் பார்த்து ஒரு சாவி வெட்ட ஆரம்பித்தார்.

"எதுக்குக்கா இது? அதான் எடுத்தாச்சே. டீச்சருக்குத் தெரியவா போகுது?"

"நாளைக்கு அந்த வீட்ல ஒரு கரண்டி காணாமப் போனாலும் என் தூக்கம் போச்சு தம்பி. தெறக்குதான்னு பாத்துடணும்."

திறந்தது. டீச்சர் கண்ணெதிரிலேயே திறந்தது. அக்கா ஒன்று விடாமல் சொன்னார். துணைக்குப் போன நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அப்போதே பழைய பூட்டைக் கழற்றிவிட்டுத் தன் செலவில் புதுப் பூட்டு மாட்டினார். இரண்டு புதுச் சாவிகளையும் டீச்சர் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியதும் அக்கா நடந்ததையெல்லாம் தன் பக்கத்தில் எழுத உட்கார்ந்தார்.

"நீங்களே கடைய இழுத்து மூடப் போறீங்க!" என்று கத்தினேன்.

"நல்லது செஞ்சா என் மூஞ்சி, தப்பு செஞ்சா ரோஜாப்பூவா?" என்று கேட்டுவிட்டு, எழுதியும் விட்டார்.

மூன்று நாள் ஒருவரும் சாவி வெட்ட வரவில்லை, அரத்தின் சத்தமே இல்லை. பல் கூசாமல் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகைதான் வந்தது. ஊர்மேல் கோபமாகவும் வந்தது.

நான்காம் நாள் பாட்டு டீச்சர் கையில் பெட்டியோடு வந்து நின்றார்.

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வர ஒரு வாரம் ஆகும். செடிக்குத் தண்ணி ஊத்தணும்," என்று புதுச் சாவிகளில் ஒன்றை மேசைமேல் வைத்தார். "உங்களத் தவிர யார்கிட்டயும் குடுக்கத் தோணல."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைக் கையில் எடுத்தார். இதைவிட நல்ல படம் எப்போது கிடைக்கும் என்று நான் போனைத் தூக்கினேன். அக்கா சட்டென்று சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"இப்ப எடு," என்றார்.