லேப்டாப்பின் மேல் ஒரு சிவப்புக் கோடு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தது சீக்கிரம் போகவும் போகாது. அந்தக் கோபத்தில் ஒருமுறை, கம்பெனி புதிதாக வாங்கி வைத்த லேப்டாப்பின் மேலேயே சிவப்புச் சாக்பீஸால் கோடு இழுத்துவிட்டேன். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, வருஷம் சரியாக ஞாபகம் இல்லை. கோடு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது பெங்களூருக்கு வெளியே சந்தாபுராவில் வாடகைக்குக் குடியிருந்தேன். பொம்மசந்திராவில், எக்ஸாஸ்ட் ஃபேனுக்குச் சின்ன மோட்டார் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மோட்டார் பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாக வந்து சேருகிற இடம் சத்த ரூம். சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். கதவைச் சாத்திவிட்டால் வெளியே பிரஸ் மெஷின் அடிக்கிற அடி கூட மங்கிப் போகும். உள்ளே ஒரு நீள இரும்பு மேசை, இரண்டு ஸ்டூல், இரண்டு பெண்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பெங்களூர் ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள். மோட்டாரை மேசை மேல் வைத்து ஸ்விட்ச் போட வேண்டும். காதைக் கிட்டே கொண்டு போய்ப் பத்து எண்ண வேண்டும். கட்டைவிரலை அதன் உடம்பில் வைத்து அதிர்வு பார்க்க வேண்டும். நல்லதென்றால் பச்சைச் சாக்பீஸில் ஒரு கோடு, கெட்டதென்றால் சிவப்பு. அவ்வளவுதான். ஆனால் பேரிங்குக்குள் ஒரு பொடித் தூசு இருந்தாலும் எனக்குக் கேட்டுவிடும். அக்காவுக்குக் காதைவிட விரல்தான் முக்கியம். என்னைவிட இரண்டு மடங்கு நேரம் விரலை வைத்திருப்பாள். சந்தேகம் வந்தால், "இத்த நீ ஒரு தபா பாரு" என்று என் பக்கம் தள்ளுவாள். அவளுக்கு இடது பக்கம்தான் நான் உட்கார வேண்டும், மாறி உட்கார்ந்தால் பேஜாராகிவிடுவாள். ஆளுக்கொரு பழக்கம் என்று விட்டுவிட்டேன். பத்து வயது மூத்தவள் என்னிடம் கேட்கிறாளே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

ஒரு திங்கட்கிழமை அந்த லேப்டாப் வந்தது. கூடவே ஒரு ஒயரும், ஒயரின் முனையில் புளியங்கொட்டை அளவில் ஒரு சென்சாரும். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த குவாலிட்டி இன்ஜினியர்தான் எங்கள் மேசையில் அதைப் பொருத்தினார். மோட்டாருக்குப் பக்கத்தில் சென்சாரை ஒட்டினால் திரையில் ஒரு கோடு ஓடும். மோட்டார் அதிர்ந்தால் கோட்டில் மேடு எழும்பும். மேடு சிவப்பு எல்லையைத் தாண்டினால் ரிஜெக்ட். இனி நாங்கள் பச்சைக் கோடு போட்ட மோட்டாரையெல்லாம் அதுவும் ஒருமுறை பார்க்கும் என்றார்.

பார்த்தது. முதல் நாளே நாங்கள் பாஸ் செய்த மோட்டார்களில் கால்வாசியைத் தள்ளிவிட்டது. நான் தள்ளப்பட்ட ஒன்றை எடுத்து மறுபடி கேட்டேன். ஒரு குறையும் இல்லை. அதே மோட்டாரை லேப்டாப்பில் மறுபடி போட்டேன், பாஸ் என்றது. மூன்றாவது தடவை ரிஜெக்ட் என்றது. எனக்கு வந்ததே ஆத்திரம். நிமிஷத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிறவர்களையே எனக்குப் பிடிக்காது, இது ஒரு பெட்டி.

மூன்றாம் நாள் மேனேஜர் வந்தார். திரையைப் பார்த்தார், தள்ளிய மோட்டார்களைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. இந்தப் பெண்களுக்குக் காது இருக்கிறதா இல்லையா என்று இன்ஜினியரிடம் கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அக்கா சிரித்தாள். மத்தியானம் இன்ஜினியர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மாதக் கடைசியில் எங்கள் இருவருடைய கான்ட்ராக்ட்டும் முடிகிறது; லேப்டாப் கணக்கு இப்படியே இருந்தால் மேனேஜர் கையெழுத்துப் போடமாட்டார். அதற்குப் பதினெட்டு நாள் இருந்தது.

வேலை போவது ஒரு பக்கம். காது கெட்டவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு போவதா? என்னால் முடியாது. இதில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாளிலிருந்து டீ டைமில் கேன்டீனுக்குப் போகவில்லை. மேசையைத் துடைத்தேன், சென்சாரைக் கழற்றி ஒட்டினேன், மேசைக் கால் ஆடுகிறதா என்று பார்த்தேன், ஃபேனை நிறுத்தினேன். ஒன்றும் மாறவில்லை. ஏழாவது நாள், ரூமுக்குள் நுழைந்தபோது லேப்டாப் கொஞ்ச நேரம் சும்மா கிடந்திருந்தது. திரையில் கோடு துடைத்துவிட்ட தரை மாதிரி நேராக இருந்தது. நான் ஒரு பட்டனைத் தொட்டேன். லேப்டாப்புக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் 'ங்ங்' என்று மெல்லிய ரீங்காரம். கோட்டில் மேடு எழும்பியது. மேசையில் மோட்டாரே இல்லை.

லேப்டாப்பில், இடது கை வைக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்தேன். உள்ளே எதுவோ சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிற எதுவும் எனக்குப் புதிது இல்லை. ஒரே சீராகச் சுற்றாமல் ஒரு பக்கம் இடித்து இடித்துச் சுற்றியது. காதை வைத்தேன், நடுநடுவே 'கர்ர்க்' என்று ஒரு கரகரப்பு. இப்படி ஒரு மோட்டார் என் கைக்கு வந்திருந்தால் பத்து எண்ணியிருக்கவே மாட்டேன், இரண்டிலேயே சிவப்புப் போட்டிருப்பேன். லேப்டாப்பும் சென்சாரும் ஒரே இரும்பு மேசையில். இதன் நடுக்கம் மேசை வழியாகப் போய், மோட்டாருடைய நடுக்கமாகக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. தான் ஆடிக்கொண்டு அடுத்தவரை ஆடுகிறாய் என்று சொல்லியிருக்கிறது சனியன்.

அக்கா டீ குடித்துவிட்டு வந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் விரலை வைக்கச் சொன்னேன். வைத்தாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் அவள் முகம் மலரவில்லை.

"சும்னே இரு," என்றாள். "அது பொய் சொல்லட்டும். பொய் சொல்ற வரைக்கும்தான் நமக்கு இந்த ஸ்டூலு. அது நெஜம் பேச ஆரம்பிச்சா நாம இன்னாத்துக்கு?"

பொய் சொல்கிற மெஷினை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தானாகவே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. அதற்குள் நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன் நான். இருவருக்கும் லடாய். கடைசியில் நான் சிவப்புச் சாக்பீஸை எடுத்தேன். லேப்டாப்பில், விரல் வைத்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரே இழுப்பு. ரிஜெக்ட்.

இன்ஜினியர் வந்து அந்தக் கோட்டைப் பார்த்து வெலவெலத்துப் போனார். யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். திட்டுவதற்கு முன்னால் திரையைப் பாருங்கள் என்றேன்.

"மோட்டார் எங்கீங்க்கா?"

"மோட்டாரே இல்ல சார். அப்ப இந்த மேடு யாரோடது?"

அவர் ரொம்ப நேரம் திரையையே பார்த்தார். பிறகு சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தார். ஹார்ட் டிஸ்க் என்றார். நாம் சேமிக்கிறதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, தட்டு மாதிரி ஒன்று அதில் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினார். நல்ல ஆள். தப்பு என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டார். டிஸ்க் மாற்ற வேண்டுமென்றால் மேனேஜர் கையெழுத்து, பர்ச்சேஸ், அது இது என்று ஒரு மாதம் ஆகும் என்றார். எங்களிடம் இருந்தது பதினோரு நாள். மாற்ற வேண்டாம், அடக்கினால் போதும் என்றேன்.

முதலில் அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைத் திறந்தார். டிஸ்க்கைப் பிடித்திருக்க வேண்டிய நாலு ஸ்க்ரூவில் இரண்டுதான் இருந்தன. ஸ்டோரில் தேடி இரண்டு சின்ன ஸ்க்ரூ வாங்கி வந்து முடுக்கினோம். கரகரப்பு பாதியானது, ரீங்காரம் போகவில்லை. அப்புறம் மேசையிலிருந்து எடுத்து ஒரு மர ஸ்டூலில் வைத்தோம். ஒயர் போதாமல் ஸ்டூலை மேசையோடு ஒட்டிப் போட வேண்டியிருந்தது, மேடு தணிந்ததே தவிரப் படுக்கவில்லை. நான் துடைக்கிற துணியை நாலாக மடித்து அடியில் கொடுத்தேன். கோடு நேராகிவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அரை மணி நேரத்தில் லேப்டாப் தோசைக்கல் மாதிரி கொதித்து, தானே அணைந்துவிட்டது. காற்றுப் போகிற ஓட்டையெல்லாம் அடியில்தான் இருக்கிறது, அதைத் துணியால் மூடிவிட்டேன். அன்று எடுத்த அளவெல்லாம் போனது. இன்ஜினியர் முதல் தடவையாக என்மேல் கத்தினார். நியாயம்தான், வாங்கிக்கொண்டேன்.

நாலு மூலைக்கு மட்டும் ரப்பர் வேண்டும், நடுவில் காற்றுப் போக வேண்டும். ஸ்டோரில் கேட்டேன், கேஸ்கெட் ரப்பர் இருந்தது, கல் மாதிரி. யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா எழுந்து தன் லாக்கரைத் திறந்தாள். டீ டைமில் ஷூவைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொள்வதற்காக ஒரு ஜோடி நீல ஹவாய் செருப்பு வைத்திருப்பாள். அதில் ஒன்றை என் மடியில் போட்டாள்.

"இந்தா, இத்த அறு," என்றாள். "நீ விடமாட்டேன்னு தெரிஞ்சிபோச்சு."

பிளேடால் நாலு துண்டு அறுத்தேன். ஸ்டூலின் மேல் நாலு மூலைக்கு வைத்து, அதன் மேல் லேப்டாப். டிஸ்க் சுற்றியது, கோடு அசையவில்லை. இரண்டு மணி நேரம் ஓடவிட்டோம், சூடும் ஏறவில்லை. தள்ளிவைத்த மோட்டார்களை எடுத்துப் போட்டதும் ஒவ்வொன்றாகப் பாஸ் ஆனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். மேனேஜர் வந்தார், பார்த்தார், சரி என்று தலையாட்டினார். இரண்டு பேர் கான்ட்ராக்ட்டிலும் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் காது இருக்கிறதா இல்லையா என்று கேட்ட வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. சார், எங்களுக்கும் ஒரு டெஸ்ட் வையுங்கள் என்றேன், கன்னடத்திலேயே. ஐம்பது மோட்டார் கொடுங்கள், நல்லதையும் கெட்டதையும் கலந்து. நாங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்கிறோம் என்று யாரும் பேசக்கூடாது, தனித்தனியாக விடுங்கள். அப்புறம் லேப்டாப்போடு ஒத்துப் பாருங்கள். மேனேஜருக்கு யோசனை பிடித்திருந்தது.  அக்கா சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் நான் போனேன். ஐம்பதும் லேப்டாப் சொன்னதோடு ஒத்துப் போனது. அப்புறம் அக்கா. அதிர்கிற மோட்டாரை ஒன்று விடாமல் விரலாலேயே பிடித்துவிட்டாள். லேப்டாப்பில் மேடு காட்டினாலும் விரலுக்கு எட்டாமல், மெல்லிசாகக் கீச்சிடுகிற மோட்டார் ஏழு இருந்தது. ஏழுக்கும் பச்சைக் கோடு.

மாதக் கடைசியில் ஒரு கான்ட்ராக்ட்டில்தான் கையெழுத்து வந்தது. லேப்டாப்பையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார்கள். நான் மேனேஜர் ரூமுக்குப் போய்ச் சண்டை போட்டேன், அக்காவை அதிர்வு பார்க்க மட்டுமாவது வையுங்கள் என்று கெஞ்சினேன். அதைத்தான் இப்போது லேப்டாப் பார்க்கிறதே என்றார் அவர். 

கடைசி நாள் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றோம். அவள் பையில் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பு எட்டிப் பார்த்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் அக்கா என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை. ஹோசூர் ரோட்டு லாரிச் சத்தம். சுற்றி வந்து இடது பக்கம் நின்று மறுபடி கேட்டேன். அப்போதுதான் அவளே சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சல் வந்து வலது காது போய்விட்டது. இடதிலும் கீச்சுச் சத்தம் கேட்காது. சந்தேகப்பட்டதையெல்லாம் என் பக்கம் தள்ளித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறாள்.

 "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"சொல்லியிருந்தா?" என்றாள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள். "அந்த டெஸ்ட்டக் கேக்காம விட்டிருப்பியா?"

இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். விட்டிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம், சந்தோஷப்பட்டிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. பஸ் வருகிற வரைக்கும் அவள் அப்படியே நின்றாள், அப்புறம் ஏறிப் போய்விட்டாள்.