காலி பில்டரும் சிவப்பு விளக்கும்

கராஜ் நடத்துகிறவனுக்கு வண்டியால் வருகிற தொல்லையைவிட, பக்கத்தில் நின்று பார்க்கிற வண்டிக்காரரால் வருகிற தொல்லைதான் அதிகம். ஆயில் மாற்ற வண்டியைக் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னும் முடியலையா பாஸ்?" என்று பத்து தடவை கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் இனம்தான், நானும் இப்போது காத்திருக்கிறவன்தான். காத்திருப்பது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலயில் எனக்கு ஒரு சின்னக் கராஜ் இருக்கிறது. வாடகை இடம். நானும் என் மனைவி சாந்தியும் சேர்ந்துதான் நடத்தினோம். சொந்தமாக ஒரு துண்டுக் காணி வாங்கி அதில் கராஜ் போட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்காக இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

மூன்று தடவை

புது ஆயில் பில்டர் உள்ளே காலியாக இருக்கும். அப்படியே மாட்டி ஸ்டார்ட் செய்தால், பம்ப் அனுப்புகிற ஆயில் முதலில் பில்டரை நிரப்பிவிட்டுத்தான் எஞ்சினுக்குள் போகும். அதுவரை டாஷ்போர்டில் ஆயில் வரவில்லை என்று காட்டுகிற சிவப்பு விளக்கு அணையாது, எஞ்சின் வறண்டு உராயும். சில விநாடிதான், ஆனாலும் தேய்மானம் தேய்மானம்தானே? அதனால் மாட்டுவதற்கு முன்பே பில்டரில் ஆயில் ஊற்றிவிடுவது எங்கள் வழக்கம்.

அது சாந்தியின் வேலை. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் கேட்டுக் கேட்டே எல்லாவற்றையும் பழகிக்கொண்டாள். ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பில்டரை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் ஊற்றுவாள். உள்ளே இருக்கிற காகிதம் குடிக்கட்டும் என்று காத்திருப்பாள். மறுபடி ஊற்றுவாள். இப்படி மூன்று தடவை. கடைசியில் விரலில் ஆயிலைத் தொட்டு ரப்பர் வளையத்தைச் சுற்றித் தடவுவாள்.

லுணுகலைக்கு வேன் ஓட்டுகிற மணியம் அண்ணனுக்கு இதெல்லாம் பொறுக்காது. "காலியாவே மாட்டுங்க அக்கா, ஓட ஓட நெறஞ்சிரும்" என்று ஒருநாள் குதித்தார். சாந்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவையும் ஊற்றிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். நான் மாட்டி முடித்ததும் மணியம் அண்ணன் சாவியைத் திருப்பினார். விளக்கு சட்டென்று அணைந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா ஊத்துறதப் பாத்தா பச்சப் புள்ளைக்குப் பால் குடுக்கற மாதிரில்ல இருக்கு!"

குவைத்திலிருந்து ஓர் அதட்டல்

சாந்தி போன புதிதில், என் வேலை நேரத்தில்தான் வீடியோவில் கூப்பிடுவாள். நான் போனைப் பழைய பேட்டரி ஒன்றின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை செய்வேன். அன்றைக்கும் மணியம் அண்ணனின் வேன்தான். பில்டரைக் கையில் எடுத்து ஊற்றத் தொடங்கினேன்.

"என்னங்க, நடுவுல ஊத்துறீங்க! சுத்தியிருக்கற சின்ன ஓட்டையில ஊத்துங்க. நடுவுல ஊத்துனா வடிகட்டாமயே எஞ்சினுக்குப் போயிருமே!" என்று போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். கண் பில்டரில் இருந்தால்தானே? அவள் முகம் கறுத்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயில் பாட்டுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வளர்ந்தவர் மணியம் அண்ணன். விழுந்து விழுந்து சிரித்தார்:

"பாஸ், அக்கா குவைத்துல இருந்தே ஒங்களுக்குப் பெரட்டு வைக்கிறாங்களே!"

பாஸ்டர் கார், பாதி

எல்லா வண்டியிலும் பில்டர் நேராகத் தொங்காது. சிலவற்றில் படுத்த வாக்கில் மாட்ட வேண்டும். அதை முழுக்க நிரப்பினால் சாய்க்கிற நேரம் கொட்டிவிடும். எந்த வண்டிக்கு எவ்வளவு என்று சாந்திக்கு அத்துப்படி. குவைத்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், எனக்காக அதையெல்லாம் சுவரில் சோக்கட்டியால் எழுதி வைத்துவிட்டுப் போனாள்.

எங்கள் சர்ச் பாஸ்டர் ஒருநாள் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக வந்து, காருக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்றார். நான் பில்டரை விளிம்பு வரை நிரப்பி ஒரு சாய்ப்புச் சாய்த்தேன். பாதி என் முழங்கை வழியாக வழிந்தது, மீதி பாஸ்டரின் கால்சட்டைக்குப் போனது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுவரை நான் பார்ப்பதே இல்லை. அவளுடைய கோணல் எழுத்தைப் பார்த்தால் அன்றைக்கு வேலை ஓடாது. சுவருக்கு வெள்ளையடிக்கவும் மனசு வரவில்லை, அழிந்துவிடும் என்று பழைய டயரைக்கூட அதில் சாத்துவதில்லை. பாஸ்டர் துணியால் காலைத் துடைத்துக்கொண்டே சுவரைப் படித்தார். கோபிக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்:

"தம்பி, 'பாஸ்டர் கார், பாதி'ன்னு தங்கச்சி எவ்வளவு அக்கறையா எழுதி வச்சிருக்கு, ஒருக்கா வாசிக்கக் கூடாதா?"

உன் இஷ்டம்

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருந்தது. அவளுடைய முக்காலியில் ஒரு கால் ஆடும். அதைக் கழற்றிப் புதுக்கால் போட்டு, மணல்தாளால் தேய்த்து வைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை, வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் கூப்பிட்டாள். "மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. என்ன சொல்லட்டுங்க?"

என் கையில் ஒரு புதுப் பில்டர் இருந்தது. வா என்று சொல்லத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் காணி அவளுடைய ஆசையாயிற்றே, என் தனிமைக்காக அதைக் கெடுக்கலாமா? "ஒன் இஷ்டம் சாந்தி" என்றேன். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு. அவள் "சரிங்க" என்று போனை வைத்தாள். மூன்று நாள் கூப்பிடவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் கூப்பிட்டாள். முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும்தான்:

"வான்னு ஒரு வார்த்த சொல்வீங்கன்னு மூணு நாளா போனையே பாத்துக்கிட்டு இருந்தேங்க. நீங்க சொல்லல. கையெழுத்து வச்சிட்டேன்."

முன்கூட்டியே ஊற்றாவிட்டால் என்ன ஆகும் என்று பதுளை மாவட்டத்து வண்டிக்காரர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவன், அந்த ஒரு வார்த்தையை ஊற்றாமல் விட்டுவிட்டு, இப்போது சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டும்.