ஆல்ப்ஸ் பார்க்காத ஆல்ப்ஸ் லாத்தா

இர்விங்கில் எங்கள் அபார்ட்மென்ட் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் என்னை 'ஆல்ப்ஸ் லாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். லாத்தா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்கா. ஆல்ப்ஸ் என்பது ஐரோப்பாவில் இருக்கும் மலை. அதை நான் கண்ணால் கண்டதில்லை என்பதுதான் இந்தப் பட்டத்தின் விசேஷம்.

ஆனால் கேட்டுப் பாருங்கள். எந்தக் கிராமத்தில் ரயிலை விட்டு இறங்கினால் மலை ஏற்றிவிடும் லிஃப்டுக்கு நடந்தே போகலாம், எந்த ஹோட்டலில் பூட்ஸ் காயவைக்கச் சூடான அறை உண்டு, எந்தச் சரிவில் மதியத்துக்கு மேல் பனி கூழாகிவிடும், எல்லாம் சொல்வேன். பனிச்சறுக்கு விடுமுறைக்கு யார் கிளம்பினாலும் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். சீஸை உருக்கிச் செய்யும் ஃபாண்டூவில் ஒயின் ஊற்றாமல் தர முடியுமா என்று நான் மெயில் எழுதிக் கேட்காத ஹோட்டல் இல்லை. ஒயின் இல்லாவிட்டால் அது ஃபாண்டூவே இல்லை அம்மா, வெறும் சூடான சீஸ் என்று ஒருவர் மிகுந்த வருத்தத்தோடு பதில் எழுதினார். என் பேச்சைக் கேட்டுப் போய்வந்தவர்கள் சாக்லேட் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைத் தின்றுகொண்டே, "இடதுபக்கச் சரிவுல போகலையா? அடடா, மிஸ் பண்ணிட்டீங்களே" என்று உச்சுக்கொட்டுவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானோ கூடத்தையே பார்க்காதவள்.

நாங்கள் போகாததற்குக் காரணம் கிரீன் கார்டு. விசாவில் இருப்பவர்கள் நாட்டைவிட்டு வெளியே போனால், திரும்பி வரப் பாஸ்போர்ட்டில் புதிதாக விசா குத்த வேண்டியிருக்கும். அது இழுத்துக்கொண்டால் வேலையும் வீடும் இங்கே, நாம் அங்கே. ஊரில் ஒரு மவுத்து, ஒரு சாவு என்றால்கூட என் வீட்டுக்காரர் யோசித்துத்தான் டிக்கெட் போடுவார். பனியில் சறுக்கி விழுவதற்காகவா போவார்? "கார்டு வரட்டும் புள்ள, போவோம்" என்பார். மகள் பிறந்தாள், நடந்தாள், பல் விழுந்து முளைத்தது, கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கார்டு வரவில்லை. நான் ஒவ்வொரு வருடமும் திட்டத்தை அவள் வயதுக்கேற்பத் திருத்திக்கொண்டே வந்தேன். முதலில் தொட்டில் வைத்த அறை. பிறகு கரடி வேஷம் போட்டவர் சொல்லித்தரும் குழந்தைகள் வகுப்பு. அப்புறம் பெரிய பிள்ளைகளுக்கான சரிவு. ஆறு எங்கேயோ இருக்க இங்கேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றவள் நான்தான்.

கொலராடோவிலும் பனிதானே, காரிலேயே போகலாமே என்று சிலர் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும். பிரியாணி வேகும் வீட்டில் யாராவது பிரெட்டைத் தின்று வயிற்றை நிரப்புவார்களா? செய்தால் பெரிதாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இது என் வாப்பா வழியில் வந்த குணம். சும்மா இருந்ததுதான் அதிகம்.

போன வசந்தத்தில் கார்டு வந்தது. வீட்டுக்காரர் இரண்டு ரக்அத் தொழுதார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். ஆஸ்டினில் கல்லூரியில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டு, "விண்டர் பிரேக்குக்கு ஆல்ப்ஸ்!" என்றேன்.

"மேபி, உம்மா. லெட் மீ ஸீ" என்றாள்.

இங்கே பிறந்த பிள்ளைகள் 'மேபி' என்றால் 'இல்லை' என்று பொருள். எனக்குத் துணுக்கென்றது. அவள் வராத ஆல்ப்ஸை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அடுத்த வருடம் இன்டர்ன்ஷிப் என்பாள், அதற்கடுத்த வருடம் வேலை என்பாள். இந்த டிசம்பரில் அவள் வராவிட்டால் இனி எப்போதுமே வரமாட்டாள் என்று பட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குற்றம் கிராமத்தில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். நான் இத்தனை வருடம் பொத்திப்பொத்தி வைத்திருந்த கிராமம் அமைதியானது. எட்டு மணிக்கு அடங்கிவிடும், எங்களைப் போலவே. கல்லூரிப் பிள்ளை அங்கே என்ன செய்வாள்? ஒரே ராத்திரியில் அதைக் கைகழுவிவிட்டு, ஆஸ்திரியாவில் ஆட்டமும் பாட்டமுமாக இருக்கும் ஒரு ஊருக்கு மாறினேன். அங்கே பட்டப்பகலில், சரிவின் அடிவாரத்திலேயே, கையில் பீரும் காலில் கழற்றாத கனத்த பூட்ஸுமாக மேசைமேல் ஏறி ஆடுகிறார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கடையின் ரிவ்யூவாகப் படித்தேன். எங்கே கூட்டம் கண்ணியமானது, எங்கே பெண் பிள்ளைகள் நிம்மதியாக ஆடலாம், எங்கே ஆரஞ்சு ஜூஸும் தருவார்கள் என்றெல்லாம் துருவித்துருவிப் பார்த்தேன். கடைசியில் தொழுகை நேரம் பார்க்கப் போனைத் திறந்தால் பீர் விளம்பரம் வர ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நீ புள்ளைக்கு ட்ரிப் பிளான் பண்றியா, இல்ல கெட்டுப்போக வழி காட்டுறியா?"

"அவ வரணும் மச்சான். மொதல்ல வரட்டும். வந்தப்புறம் இழுத்துப் புடிச்சுக்கலாம்."

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்" என்று அவர் போய்விட்டார்.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு மகள் வந்தாள். சாப்பிட்டு முடித்ததும், சோபாவில் உட்காரவைத்து, லேப்டாப்பை டிவியில் இணைத்து, திட்டத்தைப் போட்டுக் காட்டினேன். முதல் நாளைக் காட்டினாலே அவள் வருகிறேன் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்திருந்தேன். காலை: மகள், மலை உச்சியின் பெரிய சரிவு. வாப்பாவும் உம்மாவும், அடிவாரத்தில் கற்றுக்குட்டிகள் வகுப்பு. மாலை: மகள், நடனம். வாப்பாவும் உம்மாவும், வெளியே பெஞ்சில், கோட்டுகளுடன்.

அவள் வாய்விட்டுப் படித்தாள். பாதியில் சிரிப்பு வந்து சோபாவிலேயே சாய்ந்துவிட்டாள். "உம்மா, யூ பிளான்ட் எ பார் ஃபார் மீ?"

"பார் இல்லடி, அங்க ஜூஸும் இருக்கு."

"வித் கோட்ஸ்! வாப்பா, யூ ஆர் ஹோல்டிங் மை கோட்!"

"எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று அவர் சத்தியம் செய்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. விழுந்துவிட்டாள், வலையில் மீன் விழுந்துவிட்டது என்று மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

அப்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். "ஒய் ஆம் ஐ ஆன் தி டாப்?"

"பின்னே? நீ இங்க பொறந்து வளந்த புள்ள. எங்ககூட கீழ உருளுவியா?"

"உம்மா, ஐ டோன்ட் நோ ஹவ் டு ஸ்கீ."

"சும்மா சொல்லாத. உன் ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் பண்றாங்களே."

"தே டூ. ஐ டோன்ட்." பள்ளியில் ஒவ்வொரு ஸ்பிரிங் பிரேக்குக்கும் கொலராடோவுக்குப் பஸ் கிளம்பியதை அவள் சொன்னாள். "ஐ ஆஸ்க்ட் எவ்ரி இயர். யூ செட், வெயிட் ஃபார் ஆல்ப்ஸ்." அதில் கோபம் இல்லை. வெளியே மழை பெய்கிறது என்பதுபோலத்தான் சொன்னாள். இப்போது நாலு வயதுப் பொடிசுகளெல்லாம் தன்னைத் தாண்டிப் போகும், அதை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் மேபி என்றாளாம்.

ஒவ்வொரு வருடமும் வந்து கேட்ட அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு ஞாபகம்கூட இல்லை. ஞாபகம் இருந்ததெல்லாம் ஹோட்டல்கள்தான்.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, உச்சியில் இருந்த தன் பெயரை அழித்துவிட்டு, எங்கள் வகுப்பில் சேர்த்தாள். பிறகு காலை மடக்கிக்கொண்டு எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப மூணு பேரும் விழப்போறோம்" என்றார் வீட்டுக்காரர். "ஏ புள்ள, எல்லாம் பாத்து வெச்சிருக்கியே. விழுந்தா எப்படி எந்திரிக்கணும்?"

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத் திட்டத்தில் அவள் விழுவாள் என்று நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.