விலை நின்ற கார்

கார் வாங்கிய அன்றே அதை விற்கப்போகும் நாளை நினைத்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர்கீப்பர். வந்த சரக்கு பெட்டி பிரியாமல் அப்படியே இருந்தால்தான் மனுஷனுக்குத் தூக்கம் வரும். அதே புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்தார். அந்தச் சின்னக் காரில் தனக்குப் பக்கத்து முன் சீட்டில் கம்பெனி போட்டு அனுப்பிய பிளாஸ்டிக் உறையைப் பதினோரு வருடம் கழற்றவே இல்லை. மனைவிக்குப் பின் சீட்டுதான், அதுவும் பழைய போர்வையை விரித்து. மழை வந்தால் காருக்கு விடுமுறை, அவளுக்குக் குடை.

"முன்னாடி உக்காரட்டுமா?" என்று முதல் வருடம் அவள் கேட்டாள்.

"சீட்டு தேஞ்சா விக்கும்போது விலை நிக்காதும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கடுகு போன இடம் ஆராய்கிறவருக்குப் பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை.

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. விறைத்துப்போன காலோடு தாழ்வான காருக்குள் ஏற முடியாது. சிகிச்சைக்குப் படி வைத்த வாடகை வேனில் போய்வந்தார்கள். நிற்கிற வண்டி கெட்டுப்போகும் என்று கடைசியில் விளம்பரம் கொடுத்தார். ஒரே ஓனர், ஒரு கீறல் கிடையாது.

நாலு மணிக்கு ஆள் வருவதாகச் சொன்ன அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்தார். போய் முன் சீட்டு உறையைக் கத்தியால் கிழித்து எறிந்தார். மனைவியின் சக்கர நாற்காலியைக் காரருகே தள்ளிக்கொண்டு வந்தார்.

"வா, ஒரே ஒரு சுத்து. முன்னாடி உக்காரு."

"இப்பவா? ஆளு வர்ற நேரத்துல? சீட்டு அழுக்காயிடுங்க."

அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஆனா ஆகட்டும்!"

அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். உடம்பு உள்ளே போனது. சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளியும் கால் மட்டும் போகவில்லை. மடக்கப் பார்த்தார், கதவில் இடித்தது.

"முடியலங்க, விட்டுடுங்க" என்றாள்.

முழங்கால் சிராய்த்திருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து அதைத் துடைக்கும்போது அழுதுவிட்டார். அறுபத்து மூன்று வயதில் தெருவில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை.

நாலு மணிக்கு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கணவன் பானெட்டைத் திறந்து பார்த்தான், தெருவில் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தான்.

"பதினோரு வருஷ வண்டியா சார் இது? முன் சீட்டுல ஆளே உக்காந்த மாதிரி இல்லையே!"

"உக்காரல" என்றார்.

பேரமே பேசவில்லை. சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டான். ஆசைப்பட்டபடியே விலை நின்றது. கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அந்தப் பெண் முன் சீட்டில் ஏறினாள். சகதிச் செருப்பை உள்ளேயே உதறிவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். வேறு நாளாக இருந்தால் அவருக்கு நெஞ்சை அடைத்திருக்கும். இன்று அவள் பக்கத்துக் கதவைத் தானே சாத்திவிட்டார். கார் தெருமுனையில் திரும்பியது.

நாற்காலியில் இருந்தவள் அது போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, முன்னாடி உக்காந்தா ரோடு நல்லாத் தெரியும், இல்ல?" என்று கேட்டாள்.