மெஷினுக்கு வைத்த குளிர்

கோளரங்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளை வானத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பித்து வைத்தவர் வாசல் காவலாளி. அவருக்கு அவளைவிட வயது அதிகம், ஆனாலும் அக்காதான். வானத்தையே கையில் வைத்திருக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவர் கட்சி.

கையில் உண்மையில் இருந்தது ஒரு மைக்கும், குறி காட்ட ஒரு சின்ன டார்ச்சும்தான். விளக்கெல்லாம் அணைந்து குவிமாடத்தில் நட்சத்திரங்கள் வந்ததும் அவள் பேசத் தொடங்குவாள். "நட்சத்திரத்துக்கு ரொம்பப் பக்கத்துல போனா தண்ணி ஆவியாப் போயிடும். ரொம்பத் தள்ளிப் போனா உறைஞ்சு கல்லாயிடும். நடுவுல ஒரு வளையம் இருக்கு. அங்கதான் தண்ணி தண்ணியா நிக்கும். தண்ணி நின்னாத்தான் உயிரைப் பத்திப் பேசவே முடியும்." இதை அவள் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பாளோ, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாது.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில் அந்த அரங்குக்குள் நுழைந்தால் யாரானாலும் "அப்பாடா" என்று மூச்சு விடுவார்கள். அவ்வளவு குளிர். அது தங்களுக்காக வைத்தது என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மனுஷனுக்கு யார் வைக்கிறார்கள்? அரங்கின் நடுவில் நிற்கும் பழைய புரொஜெக்டருக்கு வைத்த குளிர் அது. சூடு கொஞ்சம் ஏறினாலும் அந்த மெஷின் மக்கர் பண்ணும், நட்சத்திரங்கள் கலங்கிப்போகும்.

அந்தக் குளிரில்தான் அவள் புருஷன் உயிரோடு இருந்தார்.

அவர் பெயின்டர். உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவரில் வண்ணம் அடிக்கிறவர். சாரத்திலிருந்து விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்தது. கால்கள் போயின, கைகளில் பாதி போயிற்று, வாய் மட்டும் முழுசாகத் தப்பித்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் வருவது அதனால்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "கழுத்துக்குக் கீழ இவருக்கு வேர்க்காதும்மா. உடம்பு தன்னோட சூட்டைத் தானே பாத்துக்கற வேலை நின்னுபோச்சு. ரூம் எப்படி இருக்கோ, அப்படித்தான் இவரும் இருப்பார்."

அவர்கள் வீடு மாடிக்கு மேலே போட்ட ஒற்றை அறை. தகரக் கூரை. முதல் கோடையிலேயே டாக்டர் சொன்னதன் அர்த்தம் புரிந்துவிட்டது. முகம் செக்கச் சிவந்து, கண் சொருகி, தண்ணீர் கேட்கக்கூட நாக்கு எழாமல் கிடந்தார். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். மறுநாள் வேலைக்குப் போகும்போது, வருவது வரட்டும் என்று அவரையும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கோளரங்கத்துக்குப் போய்விட்டாள்.

கடைசி வரிசையில் சக்கர நாற்காலிக்கென்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். சட்டத்துக்காக விட்டது. அதுவரை அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான், ஆனால் மறைந்தது. மேனேஜர் உள்ளே வந்தார், பார்த்தார், கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் யாரையும் பாக்கலம்மா."

"சரிங்க சார்."

"மத்தியானம் படுக்கணும்னா மெஷின் ரூம்ல கட்டில் இருக்கு. அதையும் நான் சொல்லல."

இப்படியாக, கோடை வந்தால் அவரும் வேலைக்குப் போகிறவர் மாதிரி கிளம்பிவிடுவார். எல்லாக் காட்சிகளையும் பார்ப்பார். வீட்டுக்குப் போகும் வழியில் குறை சொல்வார்.

"இன்னிக்கு வெள்ளிய ஏன் அவ்வளவு அவசரமா முடிச்ச? பாவம், அதுக்கு யாருமில்லன்னா?"

"பசங்க சத்தம் போட்டாங்கங்க. எல்லாத்தையும் உங்களுக்காகவா சொல்ல முடியும்?"

"எனக்காகத்தான் சொல்லணும். மத்தவங்க ஒரு தடவை கேட்டுட்டுப் போறாங்க. நான்தானே தினம் கேக்கறேன்?"

கூட்டம் மந்தமாக இருக்கும் நாட்களில் இருட்டிலிருந்து அவரே கேள்வி கேட்பார், முன்பின் தெரியாத ஆள் மாதிரி. "ஏங்க மேடம், நிலா நம்ம பக்கத்துலதானே இருக்கு? அதுவும் அந்த வளையத்துக்குள்ளதானே? அங்க ஏன் ஒரு புல்லுகூட முளைக்கல?" அவளும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு பதில் சொல்வாள். நல்ல இடத்தில் இருந்தால் மட்டும் போதாது, போர்த்திக்கொள்ளக் காற்று வேண்டும், நிலாவுக்கு அது இல்லை. அதனால் பகலில் வேகும், இரவில் விறைத்துப்போகும்.

"அப்ப நான் நிலாடி" என்றார் ஒருநாள் வீட்டில், அவள் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது. "ஊர்ல எல்லாரும் இருக்கற இடத்துலதான் நானும் இருக்கேன். போர்வைதான் இல்ல." அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள். "நிலா இவ்வளவு பேசாது, வாயைத் திறங்க" என்றாள்.

இந்தக் கோடை தொடங்குகிற நேரத்தில் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு இனிப்புக் கொடுத்தார். புது மெஷின் வருகிறதாம். அரங்கத்தைப் பிரித்துக் கட்டப் போகிறார்கள், கோடை முழுக்க மூடியிருக்கும். அவளுக்குப் பக்கத்துக் கண்காட்சியில் டிக்கெட் கவுன்டரில் வேலை. மேனேஜருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"புது மெஷின் இந்த மாதிரி சூடாகவே ஆகாதும்மா. இனிமே இவ்வளவு ஏசி வேண்டியதே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கையிலிருந்த இனிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நல்ல மனுஷன், ஆனால் நல்ல மனுஷனால் என்ன ஆகும்?

அவள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு ஏசி போடலாம் என்று போனால், கடைக்காரன் தயார், வீட்டுச் சொந்தக்காரர் தயாரில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மாடிக்கு வரும் கம்பி அந்த மின்சாரத்தைத் தாங்காது, கட்டடமே எரிந்துபோகும் என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாள். "இப்ப அவருக்கு ஒன்னும் இல்லையே, எதுக்கு பெட்? முடியாமப் போனா கூட்டிட்டு வாங்க" என்றார்கள். முடியாமல் போவதற்காகக் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று அவள் அங்கேயே சத்தம் போட்டாள். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கடைசியில் கைகொடுத்தது நாத்தனார். புருஷனுடைய அக்கா. உயரத்தில், எப்போதும் மேகம் மூடிய ஒரு சின்ன ஊரில் தையல்கடை வைத்திருப்பவள். "இங்க வெயிலுன்னா என்னன்னே தெரியாது. என் தம்பிய அனுப்பி வை, நான் பாத்துக்கறேன்" என்றாள். வானத்தக்காவும் கூடப் போகலாம்தான். ஆனால் அவள் வேலை தற்காலிகம், விட்டால் விட்டதுதான். அந்த வேலையில்தான் இரண்டு வயிறும் நிறைகின்றன.

வண்டியில் ஏற்றும்போது, கூட்டிப்போக வந்திருந்த நாத்தனாரிடம் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஜன்னலைத் திறந்தே வைங்க அண்ணி. நெஞ்சு மேல ஈரத்துணி போடுங்க. சூடு மட்டும் ஏறவே கூடாது."

"எத்தனை தடவைடா சொல்லுவா உன் பொண்டாட்டி?" என்றாள் நாத்தனார் தம்பியிடம்.

"காட்சி முடியற வரைக்கும் சொல்லுவா" என்றார் அவர். வண்டி நகர்ந்ததும் அவளால் கையாட்ட முடியவில்லை. பதிலுக்கு அவரால் ஆட்ட முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டாம் நாள் மத்தியானம். டிக்கெட் கவுன்டர் என்பது மூன்று பக்கம் தகரம் அடித்த ஒரு கூண்டு. அவள் முதுகில் வேர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தபோது நாத்தனார் போன் பண்ணினாள்.

"உன் வயித்துல பாலை வார்க்கறேன், கேளு. காலையிலேர்ந்து ஜன்னலைச் சாத்தவே இல்ல. உடம்பு ஐஸ் மாதிரி இருக்கு. எவ்வளவு நிம்மதியாத் தூங்கறான் தெரியுமா?"

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், சந்தோஷப்பட்டாள்.

"எழுப்பிக் குடுங்க அண்ணி, ஒரு வார்த்தை பேசறேன்."

அவர் பேசினார். என்ன பேசினார் என்று புரியவில்லை. சொற்கள் குழைந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. எத்தனையோ ஆயிரம் முறை அவளே மைக்கில் சொன்னதுதான், தள்ளிப் போனால் உறைந்துபோகும் என்று. ரூம் எப்படியோ அவரும் அப்படி என்று டாக்டர் சொன்னபோது அவள் காதில் விழுந்தது பாதிதான். வெயிலையே பார்த்துப் பார்த்து, வளையத்துக்கு இன்னொரு கரையும் உண்டு என்பதை மறந்துபோயிருந்தாள்.

"அண்ணி, ஜன்னலைச் சாத்துங்க! ஈரத்துணிய எடுங்க! கம்பளி, போர்வை, என்ன இருக்கோ எல்லாத்தையும் போத்துங்க! டாக்டரைக் கூப்பிடுங்க!"

"நீதானே திறந்து வைக்கச் சொன்ன?"

"நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன், சாத்துங்க அண்ணி!"

கவுன்டருக்கு வெளியே வரிசை நீண்டது. யாரோ ஒருவர் டிக்கெட் கேட்டுக் கண்ணாடியைத் தட்டினார். அவளைச் சுற்றி அத்தனை சூடு, அதில் ஒரு பிடியைக்கூட அவளால் அங்கே அனுப்ப முடியவில்லை.

பிழைத்துக்கொண்டார். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கதகதப்பான ஓர் அறையில் வைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். நாத்தனார் நடுங்கிப் போய்விட்டாள். "பகலெல்லாம் நான் கடையில இருக்கேன். என் கையில அவன் போயிட்டா உன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? என்னால முடியாதும்மா, என்னை மன்னிச்சிடு" என்று அழுதாள். வானத்தக்காவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், பழியை யார்மேலாவது போட்டிருக்கலாம்.

சில நாள் கழித்து ஒருநாள், இங்கே கோடையிலேயே கொடுமையான வெயில். மதியம் அவரே பேசினார். யாரோ போனைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குரல் பழையபடி தெளிந்திருந்தது.

"வார்டு ரொம்ப நல்லா இருக்குடி. சூடுமில்ல, குளிருமில்ல. ஆனா உடம்பு சரியாயிடுச்சாம், நாளைக்கு அனுப்பறாங்க."

"ம்."

"அக்கா பயந்துட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல. நம்ம ரூம் எப்படி இருக்கு?"

அவள் காலையில் பூட்டிவிட்டு வந்த அறையை நினைத்தாள். கதவின் பித்தளைக் கைப்பிடியைத் தொட முடியாமல் முந்தானையால் பிடித்துச் சாத்தியிருந்தாள். பொய் சொல்லலாமா என்று பார்த்தாள். வாய் வரவில்லை.

"இருக்குங்க" என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. எந்தக் கிண்டலும் இல்லாமல், விலாசம் கேட்கிறவர் போலக் கேட்டார்.

"அப்ப நான் எங்க வரட்டும்?"

அவள் போனை இன்னும் இறுக்கமாகக் காதில் அழுத்திக்கொண்டாள். "கொஞ்சம் இருங்க" என்றாள்.

அவர் இருந்தார். அவர் மூச்சு விடுவது கேட்டது. அவளுக்குச் சொல்ல ஓர் இடம்கூட இல்லை.